வெள்ளை டை வாங்குகிறவர்கள்

அந்த ஆண்டு ஆனெலி காப்பாற்ற நினைத்தது ஒரே ஒரு பக்கத்தை. பனி விழும் வடதேசம் ஒன்றின் போரோஸ் நகரத்தில், ஒரு காலத்தில் தபாலில் துணியும் வீட்டுச் சாமானும் விற்று இப்போது இணையத்தில் விற்கிற கடை ஒன்றின் பக்கம் அது. அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெளிர்சாம்பல் பின்னணியில் கறுப்புக் காலணி, கறுப்புக் காலுறை, வெள்ளைச் சட்டை, ஒரு கைக்குட்டை. சிரிக்கும் முகம் கிடையாது. சிவப்பு எழுத்தில் தள்ளுபடி கிடையாது. 'இதையும் பாருங்கள்' என்று தோளைத் தட்டுகிற பேச்சும் கிடையாது. ஒரே ஒரு வெள்ளை டையை வாங்கிவிட்டு வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காமல் போகிற ஆண்களுக்காக அவள் தன் கையால் அமைத்த பக்கம். அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பிப்ரவரியில் தெரிந்தது.

ஆனெலிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய வேலை என்ன என்று கேட்டால் அவளைவிட அவள் அண்ணன் ரோலண்ட்தான் நன்றாகச் சொல்வான். அவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதே கடையின் கிடங்கில், திரும்பி வருகிற பொட்டலங்களைப் பிரித்துக் கறை, கிழிசல் பார்த்து அடுக்குகிறவன். "நாடு முழுக்க ஜனங்க கடையத் தொறந்தா மொதல்ல கண்ணுல என்ன படணும்னு எந்தங்கச்சிதான் முடிவு பண்றா" என்பான், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அது கொஞ்சம் மிகை, ஆனால் பொய் இல்லை. கடை ஒன்றுதான், அதன் முகப்பு ஆளுக்கு ஆள் வேறு. ஏப்ரல் மாதத்தில் வடகோடிக் கிருனாவில் ஒருத்தி கடையைத் திறந்தால் பிள்ளைகளுக்கான பனி உடுப்பு இன்னும் மேலேயே இருக்கும். அதே நேரம் தெற்கே மால்மோவில் திறக்கிறவளுக்குச் செருப்பு வந்திருக்கும். ஒரே சட்டையை மூன்று அளவில் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு அளவு அட்டவணையைப் படத்துக்கு மேலே ஏற்றி வைத்திருந்தாள். இரண்டு வருடத்தில் நான்கு அளவு பெரிய உடைக்கு மாறிய பெண்களின் முகப்பில் இடுப்பு வாரைக் கண்ணில் படவிட மாட்டாள். இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை. வாங்குகிறவர்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சரக்கைத் தனியாக அடுக்குவதுதான் வேலை. யார் மனம் எங்கே சுருங்கும் என்று பார்த்து அடுக்குவது அவளாகச் சேர்த்துக்கொண்டது. குழுக்களுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள்: மழைக்காரர்கள், மூன்று அளவுக்காரர்கள், படகுக்காரர்கள். வெள்ளை டைக்காரர்களின் பெயர் சத்தமில்லாதவர்கள்.

அந்தக் குழு ஒரு தப்பிலிருந்து பிறந்தது.

அந்த நாட்டில் மாப்பிள்ளை வெள்ளை டை கட்டுவான். மனைவியைப் புதைக்கப் போகிறவனும் வெள்ளை டைதான் கட்டுவான். இறுதிச் சடங்குக்கு வருகிற மற்ற ஆண்களுக்குக் கறுப்பு; கணவன், மகன், அப்பா, கூடப்பிறந்தவன் என்று மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் வெள்ளை. தேவாலயத்தில் முதல் வரிசையைப் பார்த்தாலே யாருக்கு யார் போனார்கள் என்று தெரிந்துவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, தானாகத் தெரிந்திருக்கும். பக்கங்களை அமைத்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேரும் ஏதாவது ஒரு சாவுக்கு அந்த டையைத் தொட்டு, முடிச்சைச் சரிசெய்து அனுப்பியவர்கள். அப்படியிருந்தும் அலுவலகத்தில் உட்கார்ந்ததும், வெள்ளை டை எதோடு சேர்ந்து விற்கிறது என்று பார்த்தார்கள். கல்யாண விருந்தில் மது அருந்தும் உயரமான கண்ணாடிக் கிண்ணங்களோடு விற்கிறது என்று தெரிந்தது. உடனே அதை வாங்குகிறவர்களையெல்லாம் கல்யாணக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து மிலிட்சா கூப்பிட்டாள். அவள் எதற்கும் சளைக்காதவள். அன்று குரல் இறங்கியிருந்தது.

"ஆனெலி, ஒரு பெரியவர் லைன்ல இருக்கார். நீயே பேசு."

"கோவமா இருக்காரா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு."

பெரியவர் பக்கத்துச் சிற்றூரான கின்னாவிலிருந்து பேசினார். பெயர் ஹில்டிங் என்றார். "ஒரு டை வாங்கினேம்மா. டை நல்லாயிருக்கு, குறை ஒண்ணும் இல்ல."

"சந்தோஷம். வேற என்ன உதவி வேணும்?"

"அதுக்கப்புறம் உங்க கடையிலேர்ந்து ஒரு வாழ்த்து வந்துது. மணமகளுக்குப் பிடிச்சதை எடுத்துக்குங்கன்னு ஒரு பரிசுச் சீட்டு. எனக்குத் தப்பா வந்திருக்கும்னு நெனக்கிறேன். யாருக்குப் போகணுமோ, அவங்க பாவம் எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் தபால்ல திருப்பி அனுப்பிடட்டுமா?"

ஆனெலிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தும் கேட்டாள். "டை எதுக்கு வாங்கினீங்க?"

"எங்க வீட்டம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை சடங்கு."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர், "பரவால்லம்மா, நாள் பூரா எவ்வளவு அனுப்பறீங்க, ஒண்ணு மாறிப்போறது சகஜம்தான்" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று பிற்பகல் அவள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. மாப்பிள்ளைகள் எப்படி வாங்குகிறார்கள், மற்றவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தாள். வித்தியாசம் பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளை வாரக்கணக்கில் பார்ப்பான். பட்டு, பளபளப்பு, கோடு என்று பத்து டையைத் திறந்து மூடுவான். மார்புப் பைக்குத் துணி தேடுவான். கூடையில் போட்டு எடுத்து மறுபடி போடுவான். இன்னொருவன் தேடும் இடத்தில் 'வெள்ளை டை' என்று அடிப்பான், முதலில் வருவதை எடுப்பான், பணம் கட்டுவான், போய்விடுவான். சில பேர் கறுப்புக் காலுறை ஒரு ஜோடி சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். அவர்களைத் தனியாகப் பிரித்து, அந்தச் சாம்பல் நிறப் பக்கத்தை அமைத்தாள். சில மாதங்களுக்கு அவர்களுக்குக் கடையிலிருந்து எந்தக் கடிதமும் போகக் கூடாது என்று பூட்டும் போட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மாதிரி யாரும் கூப்பிடவில்லை. பக்கம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் யாரும் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடாததுதான் அந்தப் பக்கத்தைப் பற்றி அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி. அது வருடக்கணக்கில் கிடைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு புது இயந்திரம் வந்தது. மனிதர்கள் குழு பிரிக்க வேண்டாம், அதுவே பிரித்து, அதுவே அடுக்கி, எது விற்கிறதோ அதை மேலே ஏற்றும். அதைக் கொண்டுவந்தவன் காஸ்பர், கடையின் இணையப் பகுதிக்குப் புதுத் தலைவன். யோத்தபோரியிலிருந்து தினமும் ரயிலில் வருவான், முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பிப்ரவரிக் கூட்டத்துக்குத் தானே பேக்கரிக்குப் போய், அந்தப் பருவத்தில் எல்லாரும் தின்கிற, பாலேடு அடைத்த நோன்புக்காலப் பன்களை எல்லாருக்கும் வாங்கி வந்தான்.

"ஆனெலி, உன் குழுவுல முக்கால்வாசியை மெஷின் தானாவே கண்டுபிடிச்சிடுச்சு" என்றான். "மழைக்காரங்க, மூணு அளவுக்காரங்க, எல்லாரையும். நீ வச்ச மாதிரியே வச்சிருக்கு. பெருமைப்படு."

"பெருமைதான். சத்தமில்லாதவங்களக் கண்டுபிடிச்சுதா?"

"இல்ல."

"ஏன்?"

"அவங்க எதுவும் வாங்கறதில்லையே. யார் எதை வாங்குவாங்கன்னுதான் அது பிரிக்கும்."

"வாங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே அந்தப் பக்கத்தையே வச்சேன்."

காஸ்பர் பன்னின் மூடியைத் தனியாக எடுத்து வைத்தான். "நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. எங்கப்பா சாவுக்கு நானும் வெள்ளை டை கட்டினவன்தான். ஆனா ஒரு பக்கத்தைக் கையால வச்சுக்கணும்னா மேல இருக்கறவங்க காரணம் கேப்பாங்க. 'மனசு கஷ்டப்படும்'னா அவங்களுக்குப் புரியாது. நீ ஒண்ணு பண்ணு. அந்த ஆளுங்க திரும்பி வர்றாங்கன்னு காட்டு. ஒரு வருஷம் கழிச்சு வரட்டும், ரெண்டு வருஷம் கழிச்சு வரட்டும். நம்ம நேரத்துல நம்மள மரியாதையா நடத்தின கடைன்னு ஞாபகம் வச்சு வந்து ஒரு சட்டையாவது வாங்கறாங்கன்னு காட்டு. நானே மேல போய்ப் பேசறேன்."

ஆனெலி நம்பிவிட்டாள். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. மரியாதை வீண்போகாது என்று அவள் உள்ளூர எப்போதும் நினைத்திருந்தாள். அதை இப்போது காட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே.

அன்று மாலை ரோலண்டின் காரில் வீட்டுக்குப் போகும்போது சொன்னாள். இருவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். கிடங்கிலிருந்து வருகிற வழியில் அவன் அவளை ஏற்றிக்கொள்வான்.

"ஜெயிச்சுட்ட" என்றான் ரோலண்ட்.

"இன்னும் ஒண்ணுமே பாக்கலண்ணே."

"பாக்க என்ன இருக்கு? நல்லது செஞ்சா ஜனங்க வருவாங்க. எனக்கு முடி வெட்டறவன் ஒரு தடவை காதை வெட்டிட்டு மன்னிப்புக் கேட்டான். இப்பவும் அவன்கிட்டதான் போறேன்."

"உனக்கு வெட்ட முடி எங்க இருக்கு?"

"காது இருக்குல்ல?"

மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்ததும் உட்கார்ந்து பார்த்தாள். சத்தமில்லாதவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வெள்ளை டை, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தாள். வெள்ளை டையும் காலுறையும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காலம் போதவில்லை போலிருக்கிறது என்று பழைய கணக்குகளுக்குப் போனாள். அங்கேயும் அப்படித்தான். பக்கம் அமைக்கப்படுவதற்கு முன்னால் கல்யாண வாழ்த்துப் பெற்றவர்கள் இருந்தார்கள், அவர்களையும் பார்த்தாள். அவர்களும் வரவில்லை. அவமதித்து அனுப்பினாலும் ஒன்றுதான், மரியாதையாக அனுப்பினாலும் ஒன்றுதான். ஒரு சட்டை வாங்கக்கூட ஒருவரும் திரும்பவில்லை.

இது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு டைக்கு முந்தைய பகுதியைப் பார்த்தாள். அதுவரை பார்க்கத் தோன்றவில்லை. அங்கே வருடக்கணக்கில் நிரம்பி வழிந்தது. பெண்களுக்கான ரவிக்கை. சமையலறைத் திரைச்சீலை. பேரப்பிள்ளைக்குக் கையுறை. ஆணுக்கான உள்ளாடை ஆறு ஆறாக, எப்போதும் ஒரே அளவில். கிறிஸ்துமஸுக்கு முந்திய மாதம் மேசை விரிப்பு. எல்லாம் ஒரு பெண்ணின் கை. கணவனின் சட்டை அளவு அவனுக்கே தெரிந்திருக்காது, அவள்தான் வாங்கினாள். கடைசியாக ஒரு வெள்ளை டை. அதை மட்டும் அவன் வாங்கினான். அவள் கணக்கிலேயே, அவள் கடவுச்சொல்லை எங்கேயோ தேடி எடுத்து வாங்கியிருப்பான்.

கடையின் வாடிக்கையாளர் அந்த மனிதர் இல்லை. செத்துப்போனவள்தான் வாடிக்கையாளர்.

ஆனெலி கணினியை மூடினாள். எதிரே துப்புரவு செய்கிறவள் வந்து, காலைத் தூக்கச் சொல்லி, மேசைக்கு அடியில் துடைத்துவிட்டுப் போனாள்.

"நல்லாப் பாத்தியா?" என்று ரோலண்ட் காரில் கேட்டான். அவனுக்கு எதையும் ஒரு தரம் பார்த்தால் போதாது. சட்டையை வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கமும் பார்க்கிறவன்.

"மறுபடி மறுபடி பாத்தேன்."

"ஒருத்தர்கூடவா வரல?"

"ஒருத்தர் வந்தார்."

"பாத்தியா!"

"இன்னொரு வெள்ளை டை வாங்கினார்."

சிவப்பு விழுந்தது, ரோலண்ட் வண்டியை நிறுத்தினான். சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஒலி எழுப்பிய பிறகுதான் எடுத்தான்.

காஸ்பரிடம் அவள் கண்டதைக் கண்டபடி சொன்னாள். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் அவன் சரிபார்த்திருக்க மாட்டான், அது அவளுக்கும் தெரியும். அவனுக்கேகூட அவள் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"வேற எதாவது வழியில காட்ட முடியுமா? பிள்ளைங்க வர்றாங்களா? சொந்தக்காரங்க?"

"அவங்களுக்கு அவங்க கணக்கு இருக்கு. இதோட ஒட்டாது."

"அப்ப என்னதான் சொல்றது நான்?"

"செத்தவங்க திரும்பி வர்றதில்ல காஸ்பர். அதச் சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. மார்ச் கடைசியில் பக்கத்தை எடுத்துவிடுவதாக முடிவானது. சத்தமில்லாதவர்களை இயந்திரம் தனக்குப் பொருத்தமான குழுவில் சேர்த்துக்கொள்ளும் என்றார்கள். அது சேர்த்துக்கொண்டது. வெள்ளை டை எதோடு சேர்ந்து விற்கிறது என்று அதுவும் பார்த்தது; உயரமான கண்ணாடிக் கிண்ணங்களோடு விற்கிறது என்று அதற்கும் தெரிந்தது.

ஆனெலி இன்னொன்று செய்து பார்த்தாள். பக்கம்தான் போகிறது, டையின் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத இன்னும் அவளுக்கு உரிமை இருந்தது. 'திருமணத்துக்கும், மிக நெருங்கியவர்களின் இறுதிச் சடங்குக்கும் ஏற்றது' என்று எழுதினாள். சரியான வாக்கியம், ஒரு சொல் கூடக் குறைய இல்லை. அந்த வரியைப் படிக்கிற ஒருவனாவது, கடைக்கு விஷயம் தெரியும், இவர்கள் மூடர்கள் இல்லை என்று நினைப்பான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. இயந்திரம் அந்த வரியைப் பாதிப்பேருக்குக் காட்டி, பாதிப்பேருக்குக் காட்டாமல் சோதித்தது. வரியைப் பார்த்த மாப்பிள்ளைகள் வாங்காமல் நழுவினார்கள். வாரம் முடிவதற்குள் வரி காணாமல் போயிருந்தது.

சாப்பாட்டறையில் மைக்ரோவேவ் அடுப்புக்கு வரிசையில் நிற்கும்போது மிலிட்சாவிடம் சொன்னாள்.

"மாப்பிள்ளைங்க பயந்துட்டாங்களா?" என்றாள் மிலிட்சா, சாப்பாட்டு டப்பாவைத் தட்டிக்கொண்டு. "சாவு பிரிக்கிற வரைக்கும்னு சர்ச்சுல பாதிரியார் முன்னாடி சொல்லத்தானே போறாங்க? கடையில படிச்சா மட்டும் கசக்குதாக்கும்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனெலிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அவள், இதையும் காஸ்பரிடம் சொன்னால் சிரிப்பான், சிரித்துவிட்டு ஒன்றும் செய்ய மாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். செய்வதற்கு அவனிடமும் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கூடக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை புது முகப்புகள் வந்தன. ஒவ்வொரு குழுவின் முகப்பும் சரியாக வருகிறதா என்று சோதித்து ஒப்புதல் கொடுக்கிற வேலையை அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள். அவளைவிட நுணுக்கமாகப் பார்க்க அங்கே ஆளில்லை. சோதனைக்கென்று வைத்திருக்கும் பொய்ப் பெயர்களில் நுழைந்து, அந்தக் குழுவின் ஆட்கள் எப்படி வாங்குவார்களோ அப்படியே வாங்கிப் பார்க்க வேண்டும். காலையில் மழைக்காரர்களைப் பார்த்தாள். நன்றாக இருந்தது, தான் செய்திருந்ததைவிட ஓரிடத்தில் மேலாகவே இருந்தது. மூன்று அளவுக்காரர்களுக்கு அளவு அட்டவணை மேலேயே இருந்தது. படகுக்காரர்களுக்கு ஒரு படம் மங்கல். குறித்து அனுப்பினாள், உடனே திருத்தி வந்தது.

மதியத்துக்கு மேல் அறுபது வயது ஆண் ஒருவனின் பெயரில் நுழைந்தாள். 'வெள்ளை டை' என்று அடித்தாள். முதலில் வந்ததை எடுத்தாள், பணம் கட்டினாள். திரை ஒரு கணம் வெளுத்து, பிறகு நிறைந்தது. வெயில் விழுந்த புல்வெளி, தலையில் பூவளையம் வைத்த பெண், அவள் மேல் சாய்ந்து சிரிக்கும் இளைஞன், இரண்டு மோதிரம், கிண்ணங்கள். 'உங்கள் பெரிய நாளுக்கு வாழ்த்துகள்!' கீழே, மணமகளுக்குப் பரிசுகள், வரிசையாக.

ஓரத்தில் கேள்வி இருந்தது: பக்கம் சரியாக வேலை செய்கிறதா?

இல்லை என்று குறித்தாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் யாரோ எழுதியிருந்தார்கள், மரியாதையாகத்தான்: படங்களைச் சோதித்தோம், இணைப்புகளைச் சோதித்தோம், பிழை எதுவும் கிடைக்கவில்லை, என்ன குறை என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

என்ன குறை என்று எழுதுகிற கட்டத்தில் அவள் சுட்டியை வைத்தாள். டை சரியாக இருந்தது. அளவு சரி, விலை சரி, படம் தெளிவு. வாழ்த்தில் எழுத்துப்பிழை இல்லை. மூடிவிட்டு, ஆம் என்று குறித்தாள். அடுத்த குழு, தோட்டக்காரர்கள்.

ரோலண்ட் வாசலில் காத்திருந்தான். அவள் ஏறியதும், "என்ன ஆச்சு?" என்றான்.

"சரியா வேலை செய்யுதுன்னு போட்டேன்."

"நெசமாவே செய்யுதா?"

"ம். படம் எல்லாம் டக்கு டக்குனு வருது."

அவன் சாவியைத் திருப்பவில்லை. "ஜனங்க குறை சொல்வாங்க. அப்ப மாத்துவாங்க."

"அந்த நேரத்துல எவன்ண்ணே உக்காந்து கடைக்குக் குறை எழுதுவான்?"

"அது சரி." கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தான். "நீ வச்ச பக்கம் நல்லா இருந்துது. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"நீ அதப் பாத்ததே இல்லையே."

"அப்பா செத்தப்ப அந்தப் பக்கம் கெடையாது. அதுக்கப்புறம் எனக்குன்னு யாரும் சாகல."

"இனிமே செத்தாலும் கெடையாது" என்றாள் ஆனெலி.

ரோலண்ட் தலையை ஆட்டிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான்.